பனியன் கம்பெனி கணினியும் பஞ்சும்: ஒரு பிராசஸர், ஹீட் சிங்க் சுத்தம் செய்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இடம் திருப்பூர். டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கும் நடுத்தர அளவுள்ள பனியன் கம்பெனி. கட்டிங், தையல், அயர்ன், பேக்கிங் எல்லாம் ஒரே ஷெட்டுக்குள். கட்டிங் டேபிளுக்கு அடுத்து, பிளைவுட் தடுப்பு வைத்த சின்ன அறையில் பேட்டர்ன் வேலைக்கான கணினி இருந்தது. அதில் வேலை செய்தவர் இருபதுகளில் இருக்கும் ஒரு பெண். மேற்பார்வை, அனுபவம் மிகுந்த பேட்டர்ன் மாஸ்டர் ஒருவருடையது. நான் அந்த கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சர்வீஸ் ஆள்.

அந்தக் கணினியின் முக்கிய வேலை மார்க்கர் போடுவது. ஒரு ஆர்டரில் உள்ள எல்லா சைஸ்களின் முன்பக்கம், முதுகு, கை, கழுத்துப்பட்டித் துண்டுகளைத் துணியின் அகலத்துக்குள் வீணாகாமல் அடுக்கிக் காட்டும் வேலை இது. ஒரு சட்டையின் அடக்கவிலையில் பெரும்பங்கு துணிக்குத்தான் போகிறது. அதனால் மென்பொருளைக் கூடுதல் நேரம் ஓடவிட்டு, இன்னும் நெருக்கமான அடுக்கு கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த நேரம் முழுக்க, கணக்குப் போடும் முக்கியச் சில்லான பிராசஸரின் எல்லாக் கோர்களும் (அதற்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) முழுச் சுமையில் இருக்கும். டைப் அடிக்கும், பில் போடும் கணினிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். தூசி அடைந்த ஒரு பில்லிங் கணினி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடிவிடும். மார்க்கர் போடும் கணினியால் அது முடியாது.

உள்ளே இருந்தது ஏஎம்டி ரைசன் 5 3600. ஆறு கோர்கள், அடிப்படை வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 4.2. பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழுச் சுமையில் 88 வாட் வரை இழுக்கும். அதோடு பெட்டியிலேயே வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர்தான் மாட்டியிருந்தது: அலுமினியத் தகடுகள் கொண்ட குட்டையான ஹீட் சிங்க் (பிராசஸரின் சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகப் பாகம்), மேலே ஒரு மின்விசிறி. வாங்கியதிலிருந்து ஒருமுறைகூட அதைக் கழற்றியதில்லை.

புகார்

பிப்ரவரியில் அழைப்பு வந்தது. கணினி தானாக அணைந்துவிடுகிறது என்றார்கள். அதற்கு முன்பே வேறு ஒரு கடையிலிருந்து ஆள் வந்து பார்த்து, மதர்போர்டு போய்விட்டது, புது சிஸ்டம் போட்டுவிடுவது நல்லது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். முதலாளியும் கிட்டத்தட்ட அந்த முடிவுக்கே வந்திருந்தார்.

அந்தப் பெண்ணிடம் எப்போது அணைகிறது என்று கேட்டேன். "காலையில ஒண்ணும் ஆகறதில்லீங்கண்ணா. மத்தியானம் சாப்பிட்டு வந்து மார்க்கருக்கு ஓட விட்டாத்தான் பட்டுனு ஆஃப் ஆயிருதுங்க. உடனே ஆன் பண்ணினா மறுபடியும் ஆஃப். கொஞ்ச நேரம் விட்டுட்டுப் போட்டா வந்துருதுங்க."

இந்த நிகழ்வில் எனக்குக் கிடைத்த எல்லாத் தகவலிலும் இதுதான் விலைமதிப்புள்ளது. மதர்போர்டு பழுது மத்தியானம் பார்த்து வராது. வேலைப் பளுவும் அறை வெப்பமும் சேரும்போது மட்டும் அணைந்து, ஆறவிட்டால் திரும்ப வருவது சூட்டின் அடையாளம். ஆனாலும் அதே அடையாளத்தைப் பலம் குறைந்த எஸ்எம்பிஎஸ்-ஸும் (கேபினெட்டுக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) காட்டும், பேட்டரி தளர்ந்த யுபிஎஸ்-ஸும் காட்டும். முழுச் சுமையில் மின்சாரம் அதிகம் இழுக்கப்படும்போதுதான் அவையும் கைவிடும். அதனால் கேபினெட்டைத் திறப்பதற்கு முன் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

திறக்கும் முன் அளந்தவை

விண்டோஸில் நடந்தவற்றைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு அணைதலுக்கும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருந்தது. முறைப்படி ஷட்டவுன் ஆகாமல் மின்சாரம் அறுந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். காரணத்தைச் சொல்லாது. அந்த எண்ணைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் மாற்றிவிடும் வழக்கம் நம் தொழிலில் நிறைய இருக்கிறது.

அடுத்து, பிராசஸரின் வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ நிரலைத் திறந்து வைத்து, சிக்கல் கொடுத்த அதே மார்க்கர் கோப்பை ஓடவிட்டோம். அறை வெப்பம் 34 டிகிரி. சில நிமிடங்களில் பிராசஸர் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்றது. இந்தப் பிராசஸருக்கு ஏஎம்டி குறித்திருக்கும் மேல்வரம்பு அதுதான். வரம்பைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இங்கே 3.9 கிகாஹெர்ட்ஸுக்கு அருகில் இருந்த வேகம் 3-க்கும் கீழே இறங்கியது. மார்க்கருக்கு முன்பைவிட நேரம் பிடிக்கிறது என்று பேட்டர்ன் மாஸ்டர் பல மாதமாகச் சொல்லிவந்ததற்குக் காரணம் இங்கே கிடைத்தது. அணைய ஆரம்பித்தது பிப்ரவரியில்தான். சிக்கல் அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது.

மின்விசிறியின் சுழற்சி அளவும் சரியில்லை. முழு வேகத்தில் நிலையாக இருக்க வேண்டிய நேரத்தில் ஏறி இறங்கியது. ஒருமுறை சட்டென்று மிகவும் தாழ்ந்தது. அடுத்த சில நொடிகளில் கணினி அணைந்தது.

சூடா மின்சாரமா என்று தீர்க்க ஒரு எளிய சோதனை செய்தோம். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, தையல் பகுதியிலிருந்து ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து நேராக உள்ளே அடிக்கும்படி வைத்து அதே கோப்பை ஓடவிட்டோம். யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ் எதையும் தொடவில்லை. மார்க்கர் முடியும்வரை அணையவில்லை. மின்சாரத்தில் கோளாறு இருந்திருந்தால் டேபிள் ஃபேன் அதைச் சரிசெய்திருக்காது. புது சிஸ்டம் வாங்கும் பேச்சு அத்தோடு நின்றது.

உள்ளே இருந்தது

கேபினெட் தரையில், கட்டிங் பகுதிக்குப் போகும் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. முன்பக்கக் காற்று வலையின்மேல் ரிப் துணி (கழுத்துப்பட்டிக்குப் போடும் இழுபடும் பின்னல் துணி) ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பஞ்சு உள்ளே போகாமலிருக்க பேட்டர்ன் மாஸ்டர் செய்த ஏற்பாடு. நினைத்தது சரி, ஆனால் அந்தத் துணி பஞ்சோடு சேர்த்துக் காற்றையும் தடுத்துவிட்டது. முன்னால் வழியில்லாததால் பின்பக்க இடுக்குகள் வழியாகவும் திருகாணித் துளைகள் வழியாகவும் காற்று உள்ளே போயிருக்கிறது. அங்கே தடுப்பு ஏதும் இல்லை.

மின்விசிறியின் அச்சில் பனியன் நூல் சுற்றியிருந்தது. ஒரு இழை இல்லை, பல இழைகள் முறுக்கிக்கொண்டு இறக்கைகளுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இறுகியிருந்தன. சுழற்சி ஏறி இறங்கியதன் காரணம் அதுதான்.

மின்விசிறியைக் கழற்றியபோது அதற்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு அடை தட்டியதுபோல் வட்டமாக, கெட்டியாகப் படிந்திருந்தது. ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் முழுதாகக் கையோடு வந்தது. ஓரத்தைப் பார்த்தால் அடுக்கடுக்காக நிறம்: கருநீலம், சாம்பல், நடுவே மெல்லிய சிவப்பு. எந்தெந்த ஆர்டர் எப்போது கட்டிங் போனது என்று அதைப் பார்த்தே அந்தப் பெண் சொன்னார். சிவப்பு, கடந்த கிறிஸ்துமஸுக்கும் முந்தைய கிறிஸ்துமஸ் சரக்கு. அதாவது இந்த அடைப்பு ஒரு வருடத்துக்கும் மேலாக வளர்ந்துகொண்டிருந்தது.

வெளியிலிருந்து மின்விசிறி சுத்தமாகவே தெரிந்தது. இறக்கைகளின் மேல்பக்கம் லேசான தூசி மட்டும். விசிறியைக் கழற்றாமல் மேலாக புளோயர் அடித்துவிட்டுப் போயிருந்தால் இந்த அடையின் நடுப்பகுதி அப்படியே இருந்திருக்கும்.

முடிவுகளும் காரணங்களும்

கம்பெனியில் கம்ப்ரஸர் லைன் இருந்தது. தையல் மெஷின்களைச் சுத்தம் செய்ய அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதையே கணினிக்கும் அடித்துவிடலாம் என்று சூப்பர்வைசர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அந்த லைனில் அழுத்தம் மிக அதிகம், காற்றோடு தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் வரும். ஈரம் போர்டில் பட்டால் இருக்கும் சிக்கலோடு புதுச் சிக்கலும் சேரும். அந்த வேகத்துக்கு விசிறி தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் போய்விடும். கையில் பிடிக்கும் மின் புளோயரும் மெல்லிய பிரஷும் போதும் என்று முடிவெடுத்தோம். புளோயர் அடிக்கும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது முடிவு, வேலையை இரண்டு கட்டமாகப் பிரிப்பது. முதலில் பஞ்சையும் நூலையும் மட்டும் எடுத்துவிட்டு அளப்பது, பிராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவது தேவைப்பட்டால் மட்டும். சூடு என்றாலே ஹீட் சிங்கைக் கழற்றிப் பேஸ்ட் மாற்றுவது பலருடைய பழக்கம். இந்தப் போர்டில் பிராசஸர் உட்காரும் ஏஎம்4 வகைச் சாக்கெட்டில் அதற்கு ஒரு ஆபத்து உண்டு. இந்தப் பிராசஸரின் அடியில் 1331 ஊசிகள் இருக்கின்றன. சாக்கெட்டின் லீவர் அவற்றைப் பக்கவாட்டில்தான் கவ்விப் பிடிக்கிறது, மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் தகடு எதுவும் இல்லை. பழைய பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தால், ஹீட் சிங்கை நேராகத் தூக்கும்போது பிராசஸரும் அதோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஊசி வளைந்தால் நிமிர்த்துவது நுட்பமான வேலை, ஒடிந்தால் பெரும்பாலும் பிராசஸரே போச்சு. 2022-இல் வந்த ஏஎம்5-இல் ஊசிகள் சாக்கெட்டுக்கு மாறி, மேலே பூட்டுச் சட்டமும் வந்துவிட்டதால் இந்தப் பயம் இல்லை. ஏஎம்4 கணினிகள் நம் ஊர்களில் இன்னும் நிறைய ஓடுகின்றன.

பஞ்சையும் நூலையும் எடுத்து, ரிப் துணியை அவிழ்த்துவிட்டு, அதே கோப்பை அதே அறையில் ஓடவிட்டோம். 88 டிகிரியில் நின்றது. வேகம் 3.9-க்குத் திரும்பியது, விசிறியின் சுழற்சியும் நிலையாக இருந்தது. ஆதாயத்தில் பெரும்பகுதி இந்தக் கட்டத்திலேயே கிடைத்துவிட்டது.

இத்தோடு விட்டிருக்கலாம். விடாததற்குக் காரணம் மாதம். ஹீட் சிங்க் எதுவானாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசஸரைக் கொண்டுபோக முடியாது, அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. அறை 34-இல் இருக்கும்போது 88 என்றால் 54 டிகிரி ஏற்றம். தகரக் கூரைக்குக் கீழே மே மாதம் அந்த அறை 39 வரை போகும் என்று அங்கிருப்பவர்கள் சொன்னார்கள். அப்போது 93. கொஞ்சம் தூசி சேர்ந்தாலே மறுபடி வரம்பைத் தொடும். அதனால் பேஸ்ட்டையும் மாற்ற முடிவெடுத்தோம்.

தண்ணீர்க் கூலர் போட்டால் என்ன என்று முதலாளி கேட்டார். அதன் ரேடியேட்டரிலும் மெல்லிய தகடுகளும் விசிறியும்தான் இருக்கின்றன, பஞ்சு அங்கேயும் அடையும், பம்ப் என்று பழுதாக இன்னொரு பொருள் கூடும் என்று சொன்னேன். ஏற்றுக்கொண்டார்.

ஹீட் சிங்கைக் கழற்றியது

பழைய பேஸ்ட்டைத் துடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும் திரவம். பஞ்சும் அப்படியே. ஸ்டீம் அயர்ன் ஓடும் ஷெட்டுக்குள் இரண்டையும் வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. கேபினெட்டை அலுவலக அறைக்கு எடுத்துப்போய், ஜன்னலைத் திறந்துவைத்தோம்.

எடுத்துப்போகும் முன் பேட்டர்ன் அறையிலேயே கணினியைச் சுமையோடு ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளகவைத்திருந்தோம். அணைத்து, மின்கம்பியை உருவி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்கினோம். கேபினெட்டைப் படுக்கவைத்தோம். ஸ்டெல்த் கூலரின் நான்கு திருகாணிகள் போர்டின் அடியிலுள்ள தகட்டில்தான் பிடிக்கின்றன. நிற்கவைத்துக் கழற்றினால் அந்தத் தகடு பின்னால் நழுவி விழுந்துவிடும். திருகாணிகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் சில சுற்று மட்டும் தளர்த்திக்கொண்டே வந்தோம்.

எல்லாம் தளர்ந்த பிறகு ஹீட் சிங்கை இடமும் வலமும் மெல்லத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, கம்பிகளை ஒதுக்கி, கேபினெட்டைத் தூக்கி வருவதற்குள் சூடு ஆறிவிட்டிருந்தது. இந்த இடத்தில்தான் பலரும் பொறுமை இழந்து மேலே இழுப்பார்கள். நாங்கள் திருகாணிகளை மறுபடி முடுக்கி, கார்டை மாட்டி, அலுவலக அறையிலேயே இன்னொருமுறை ஓடவிட்டோம். விசிறியின் வேகத்தை பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரை) குறைத்துவைத்து 80-க்கு மேல் ஏறவிட்டு, இம்முறை அணைத்த உடனே கழற்றினோம். திருகியபோது முதலில் ஒரு மயிரிழை நகர்ந்தது, பிறகு வழுக்கிக்கொண்டு சுழன்றது. சுழன்ற பிறகுதான் தூக்கினேன். பிராசஸர் சாக்கெட்டிலேயே இருந்தது.

பழைய பேஸ்ட் நடுவில் சாம்பல் நிறத்தில் வறண்டு வெடித்திருந்தது, ஓரங்களில் மெழுகாக இறுகியிருந்தது. பிராசஸரைச் சாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை. எடுக்காதவரை ஊசிகளுக்கு ஆபத்து இல்லை. இழை பிரியாத மைக்ரோஃபைபர் துணியில் ஆல்கஹாலைத் தொட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இல்லாமல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்தோம், பேஸ்ட் வழிந்து சாக்கெட்டில் இறங்காமலிருக்க. திரவத்தை நேராகப் பிராசஸர்மேல் ஊற்றக் கூடாது, தெளிக்கவும் கூடாது. பஞ்சுருண்டை, கட்டிங் வேஸ்ட் துணி இரண்டும் வேண்டாம். அந்த இடத்தில் ஒரு இழை நின்றாலும் அது இரண்டு உலோகங்களுக்கு நடுவில் ஒரு மேடு. மூன்றாவது துணியில் அழுக்கு ஒட்டவில்லை, பிராசஸரின் மூடித்தகட்டில் ரைசன் என்ற எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. ஹீட் சிங்கின் அடிப்பகுதியையும் அதேபோல் துடைத்தோம். தகடுகளுக்கு நடுவே பிரஷ், பிறகு புளோயர்.

புதுப் பேஸ்ட், நடுவில் ஒரு பட்டாணி அளவு. அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்ற எண்ணம் தவறு. மீட்டர்-கெல்வினுக்கு வாட் என்ற அளவில் காற்றின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.026, நல்ல பேஸ்ட்டுக்கு ஒற்றை இலக்க எண்களில், அலுமினியத்துக்கு 200-ஐ ஒட்டி. உலோகப் பரப்புகளின் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் நிற்கும் காற்றை வெளியேற்றத்தான் பேஸ்ட். உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்திலும் தடிமனாக நின்றால் அதுவே தடை. ஹீட் சிங்கை நேராக இறக்கி, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். விசிறியின் கம்பியை அதற்குரிய முனையில் செருகியதை இரண்டாம் முறை சரிபார்த்து, பயாஸில் விசிறி அமைப்பைப் பழையபடி வைத்தோம்.

பின்விளைவு

கணினியைப் பேட்டர்ன் அறைக்குக் கொண்டுபோய் அதே கோப்பை ஓடவிட்டபோது, 34 டிகிரி அறையில் 82. பேஸ்ட்டுக்கு 6 டிகிரி, பஞ்சுக்கும் நூலுக்கும் அதைவிட அதிகம். பஞ்சு எடுத்ததன் முழு ஆதாயத்தை 95-க்கும் 88-க்கும் உள்ள வித்தியாசமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 95 என்பது பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நின்ற இடம். குறைக்காமல் இருந்திருந்தால் அதற்கும் மேலே போயிருக்கும். மார்க்கர் முடியும் நேரத்தில்தான் அந்த ஆதாயம் சரியாகத் தெரிந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தடித்தது இருபது நிமிடத்துக்குள் முடிந்தது.

சுத்தம் செய்ததோடு விட்டிருந்தால் அடுத்த கிறிஸ்துமஸ் சரக்கு போவதற்குள் இதே நிலை வந்திருக்கும். கேபினெட்டைத் தரையிலிருந்து எடுத்து, கதவுக்கு எதிர்ச் சுவரில் நெஞ்சுயரத்தில் ஒரு தாங்கு அடித்து வைத்தோம். முன்பக்கம் நெருக்கமான நைலான் வலை ஒன்றைக் காந்தப் பட்டையில் ஒட்டினோம், கழற்றி உதறி மாட்டும்படி. காற்றை உள்ளிழுக்கும் விசிறி ஒன்று கூடுதலாக முன்பக்கம் சேர்த்தோம். உள்ளே போகும் காற்று வெளியேறுவதைவிடச் சற்று அதிகமாக இருந்தால், இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் தள்ளப்படும், பஞ்சு அந்த வழியாக நுழையாது. பேட்டர்ன் மாஸ்டரிடம் ரிப் துணி ஏன் வேண்டாம் என்று விளக்கியபோது, வலையை உதறும் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சனிக்கிழமை மெஷின்களுக்கு எண்ணெய் விடும்போது இதையும் செய்கிறார்.

மே மாதம் போனபோது அறை 39, மார்க்கர் ஓடும்போது பிராசஸர் 87. ஒருமுறைகூட அணையவில்லை. தீபாவளிக்குப் பிறகு விசிறியைக் கழற்றிப் பார்த்ததில் தகடுகளில் மெல்லிய பூச்சு மட்டும் இருந்தது, பிரஷ் போட்டதும் போய்விட்டது. ஹீட் சிங்கைக் கழற்றவில்லை. அளவு உயராதவரை பேஸ்ட்டைத் தொடத் தேவையில்லை.

மாற்றிக்கொண்டவை

அந்த கம்பெனியில் பிராசஸர் வெப்பத்தை அறை வெப்பத்தோடு சேர்த்தே குறித்துவைக்கிறார்கள். வெறும் 87 என்று எழுதினால் அது நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியாது. 39-இல் 87 என்றால் தெரியும்: ஏற்றம் 48, பிப்ரவரியில் இருந்த அதே 48. அந்த எண் ஐந்தாறு டிகிரி கூடினால் விசிறியைக் கழற்றிப் பார்க்க வேண்டும், சுத்தம் செய்தும் இறங்கவில்லை என்றால் மட்டும் பேஸ்ட். ஒரே மார்க்கர் கோப்பைச் சோதனைக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

சர்வீஸில் என் வரிசையும் கொஞ்சம் மாறியிருக்கிறது. பனியன் கம்பெனிகளுக்குப் போனால் விசிறியின் அச்சை டார்ச் அடித்துப் பார்ப்பது முதல் வேலை. பஞ்சு மெல்ல மெல்ல அடைக்கிறது, நூல் சுற்றினால் விசிறி நின்றேவிடும். ஹீட் சிங்கைக் கழற்றும் நாளில் கம்பிகளை ஒதுக்குவது, கேபினெட்டைப் படுக்கவைப்பது எல்லாம் முடிந்த பிறகே சூடேற்றுகிறேன். இந்தப் பிராசஸரில் கிராபிக்ஸ் உள்ளே இல்லை என்பதால் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. அதனால் கார்டு கையை மறிக்காத போர்டுகளில் அதை அப்படியே விட்டுவிடுகிறேன். மறிக்கும் போர்டுகளில், அணைத்ததும் முதலில் கார்டை உருவி, அடுத்த நிமிடமே திருகாணிக்கு வந்துவிடுகிறேன்.

அடுத்த பேட்டர்ன் கணினி வாங்கும்போது அதைக் கண்ணாடித் தடுப்புள்ள அலுவலக அறையில் வைத்து, கட்டிங் பக்கம் திரையும் மவுஸும் மட்டும் போகும்படி கம்பி இழுப்பது என்று முதலாளி முடிவு செய்திருக்கிறார். அதற்கான குழாயைச் சுவரில் இப்போதே பதித்துவிட்டார்கள்.